ஊரறியக் கொடுத்தல்

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பசித்து வந்தவரின் முகம் வாடாமல், அக்கம்பக்கத்தார் அறியாமல் கொடுத்து, கொடுத்ததைத் தானும் மறந்துவிடுகிறவனே சிறந்த கொடையாளி என்பது நம் நாட்டில் சமய வேறுபாடின்றி ஏற்கப்பட்ட கருத்து.

அப்படியிருக்க, உதவி பெற்றவர்களின் பெயர்களை ஊர்வாரியாக எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் வைப்பது தர்மமாகுமா? வாங்கியவருக்கு அது தலைகுனிவு ஆகாதா? கொடுத்தவருக்கு அது விளம்பரம் ஆகிவிடாதா?

இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் நாட்டை முடக்கியபோது, அரசின் உதவித்தொகை கோடிக்கணக்கான உழவர்களின் வங்கிக் கணக்குகளுக்குச் சென்றது. அப்போது இந்தக் கேள்விகள் ஒவ்வோர் ஊரின் வாசலிலும் வந்து நின்றன. அவற்றை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியை முன்னிறுத்திச் சிந்திப்போம்.

எல்லையோரச் சிற்றூர்கள்

கேரளத்தின் தென்கோடியில் உள்ளது நெய்யாற்றின்கரை வட்டம். அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் சிறிது தொலைவிலேயே தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அடுத்திருந்த விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர வாழ்க்கையில் விழவில்லை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிற குடும்பங்கள் அங்கே உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைத் தாண்டியே நடக்கின்றன. ஒருவருடைய வீடு இப்புறத்திலும் பூர்வீக நிலம் அப்புறத்திலும் இருப்பது அங்கே புதுமையன்று.

நிலத்தை ஏக்கரில் சொல்பவர்களைவிடச் சென்ட் கணக்கில் சொல்பவர்களே அங்கு மிகுதி. தென்னை, ஏத்தன் வாழை, மரச்சீனி, மிளகு, ரப்பர், வெற்றிலைக் கொடி என்று கிடைத்த இடத்தில் எல்லாவற்றையும் வைத்துப் பயிர் செய்வார்கள். 2020 மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கியதும், எல்லைச் சாலைகளில் தடுப்புகள் எழுந்தன. குலை முற்றிய வாழை வெட்டுக்கு நின்றது. வெட்டினாலும் சந்தைக்குக் கொண்டு செல்ல வழியில்லை.

மார்ச் 26 அன்று, ரூபாய் 1.70 லட்சம் கோடி மதிப்புள்ள நிவாரணத் திட்டத்தை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 'பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி' என்னும் திட்டம் 2019 பிப்ரவரியிலேயே தொடங்கப்பட்டிருந்தது. நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்துவது அத்திட்டம். 2020-21ஆம் ஆண்டின் முதல் தவணையான 2,000 ரூபாயை ஏப்ரல் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது என்றும், அதனால் 8.7 கோடி உழவர்கள் பயன் பெறுவார்கள் என்றும் அன்று கூறப்பட்டது. கேரள அரசும் தன் பங்குக்கு ரேஷன் கடைகள் வழியாக மளிகைப் பொருள்கள் அடங்கிய பைகளை இலவசமாக வழங்கியது.

இந்தத் தொகை யார் யாருக்குச் செல்கிறது என்பதை மறைக்கக் கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. பயனாளிகள் பட்டியலை ஊராட்சிகளில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இணையத்திலும் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று தேடிச் சென்று பெயர்களைக் காண வழி உண்டு.

மூவர்

பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றூரை மனத்தில் வரைந்துகொள்வோம். அங்கே மூவர் இருப்பதாகக் கொள்வோம்.

முதலாமவர் முதியவர். நாற்பது சென்ட் நிலமும் அதில் சில தென்னையும் மரச்சீனியும்தான் அவர் சொத்து. கரம் கட்டிய ரசீது அவர் பெயரில் உள்ளது. அவருக்கு 2,000 ரூபாய் வந்தது. இதுநாள்வரை யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவர். தம் பெயர் பட்டியலில் இருப்பதை அயலார் சொல்லக் கேட்டபோது அவருக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது.

இரண்டாமவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மாதந்தோறும் நல்ல தொகை ஓய்வூதியம் பெறுபவர். தந்தை வழியில் வந்த தோப்பு ஒன்று அவருக்கு உண்டு. மாத ஓய்வூதியம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பெறுகிறவர்கள் இத்திட்டத்தில் சேர முடியாது. கடைநிலை ஊழியராக இருந்தவர்களுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. ஆனால் விண்ணப்பம் எப்படியோ ஏற்கப்பட்டது, பணமும் வந்தது. அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாமவர் உண்மையில் அந்த ஊரிலேயே அதிகமாக மண்ணோடு போராடுகிறவர். பிறருடைய நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து, ஓணச் சந்தையை எண்ணி ஏத்தன் வாழை பயிரிடுகிறவர். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. கரம் கட்டிய ரசீது அவர் பெயரில் இல்லை. ஆகவே பட்டியலில் அவர் பெயரும் இல்லை.

மூவரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். ஊரறியக் கொடுத்தல் என்னும் இந்த முறை ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது.

சொந்தப் பொருளும் பொதுப் பொருளும்

முதலில் அடிப்படையான ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். தன் வீட்டு அரிசியைக் கொண்டு அன்னமிடுகிறவர் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. பத்துப் பேருக்கு இட்டாரா, நூறு பேருக்கு இட்டாரா என்பது அவருக்கும் அவர் மனச்சாட்சிக்கும் மட்டுமே தெரிந்தால் போதும், அதுவே அழகு. அவரே ஊர்க் கோயிலின் அன்னதானப் பொறுப்பை ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அரிசி அவருடையதன்று. அது பலர் கொடுத்தது. எவ்வளவு வந்தது, எவ்வளவு சமைத்தோம், எத்தனை பேர் உண்டார்கள் என்று அவர் எழுதி வைத்தாக வேண்டும். அவர், 'நான் அடக்கம் உள்ளவன், கொடுத்ததை வெளியில் சொல்லமாட்டேன்' என்று கூறினால், அதை அடக்கம் என்று யாரும் பாராட்டமாட்டார்கள்.

சொந்தப் பொருளைக் கொடுக்கும்போது நற்பண்பாக இருக்கும் மறைவு, பொதுப் பொருளைக் கொடுக்கும்போது குற்றத்துக்கு இடம் தரும் மறைவாகிவிடுகிறது. அரசு கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அமைச்சருக்கும் அதிகாரிக்கும் அதில் உரிமையாளர் என்ற இடம் இல்லை. அறங்காவலர் என்ற இடமே உண்டு. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரியாகச் செலுத்திய பணம் அதில் கலந்திருக்கிறது. ஆகவே ஊரறியக் கொடுப்பது அரசின் பெருந்தன்மையன்று. அது அரசின் கடமை.

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வியை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் வாழ்க்கை நெறிகளை எடுத்துரைக்கிறார். கொடுக்கும்போது மனம் எப்படியிருக்க வேண்டும் என்று கூறுமிடத்தில் சிரத்தையையும் செழிப்பையும் மட்டும் அவர் சொல்லவில்லை. நாணத்தையும் அச்சத்தையும் ஸம்வித்தையும் சேர்த்துச் சொல்கிறார். கொடுப்பவனுக்கு நாணம் ஏன்? தன்னால் இவ்வளவுதானே கொடுக்க முடிகிறது என்பதனால். அச்சம் ஏன்? தகுதியுள்ள ஒருவரை விட்டுவிட்டோமோ என்பதனால் என்று நாம் பொருள் கொள்ளலாம். ஸம்வித் என்பதற்கு நட்புணர்வு என்று உரை கூறுவர். தெளிந்த அறிவு என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கீதையும் சாத்விகமான தானத்துக்கு இடம், காலம், பெறுபவரின் தகுதி ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைக்கிறது. கொள்ளைநோய்க் காலம் கொடுப்பதற்கு உரிய காலமே. அதனால் தகுதியைப் பார்க்கும் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

கல்லிலும் செம்பிலும் எழுதிய கணக்கு

பொதுக் கணக்கை ஊர் முன் வைப்பது அயல்நாட்டிலிருந்து நாம் கற்ற புதுப் பழக்கம் என்று சிலர் எண்ணலாம். உத்திரமேரூர்க் கோயிலுக்குச் சென்றவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகின்றன. வாரியத்தில் முன்பு இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது என்றும், அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அந்தத் தகுதி இல்லை என்றும் அவை கூறுகின்றன.

நாம் பேசிக்கொண்டிருக்கும் எல்லைக்கு அருகிலேயே பார்த்திவபுரம் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு கோயிலையும் 95 மாணாக்கர் தங்கிப் பயிலும் சாலையையும் நிறுவினான். மன்னன் விரும்பியதால் அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முஞ்சிறைச் சபையாருக்கு மாற்றுநிலம் கொடுத்துப் பெற்றான். அந்த விவரத்தையும் செப்பேட்டில் எழுதி வைத்தான். கொடுத்தவனே தன் கொடையின் கணக்கையும் பிற்காலத்தார் படிக்கும்படி விட்டுச் சென்றிருக்கிறான்.

அரசின் கணக்கைக் கேட்பவனுக்கு நேரும் துன்பத்துக்கும் இந்த மண்ணே சாட்சி. 1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, 'சுதேசாபிமானி' என்னும் மலையாள ஏட்டின் ஆசிரியராக இருந்தார். அந்த ஏட்டின் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. திருவிதாங்கூர்த் திவானின் நிர்வாகத்தை ராமகிருஷ்ண பிள்ளை அஞ்சாமல் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலானது. அவர் நாடு கடத்தப்பட்டார். 1916இல் கண்ணூரில் அவர் உயிர் பிரிந்தது. ஆட்சியாளரிடம் 'ஏன்?' என்று கேட்பது அன்று நாடு கடத்தத் தக்க குற்றமாக இருந்தது.

அந்தக் கேள்வி உரிமையாக மாற நெடுங்காலம் ஆயிற்று. ராஜஸ்தானின் கோட் கிரானா என்னும் ஊரில் 1994 டிசம்பரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு ஒரு கூட்டத்தைக் கூட்டியது. அரசுப் பணிகளின் கூலிப் பட்டியல் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டது. வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை அந்த எளிய மக்கள் தம் காதால் கேட்டார்கள். அங்கிருந்து எழுந்த இயக்கத்தின் பயனாக 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு கூறுகிறது.

விளக்கில்லாத இடத்தில்

வெளிச்சம் குறைந்தால் என்ன நேரும் என்பதற்குக் கொள்ளைநோய்க் காலமே சான்று தந்தது. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில், மேற்சொன்ன உழவர் நிதியில் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. உழவர்கள் தாமே இணையத்தில் பதிவு செய்யலாம் என்னும் நல்ல நோக்கமுள்ள வசதியே அங்கு தவறாகப் பயன்படுத்தப்பட்டது. அலுவலர்களிடம் இருக்க வேண்டிய கடவுச்சொற்கள் இடைத்தரகர்களின் கைக்குச் சென்றன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் சேர்ந்தன; ஏறத்தாழ 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றதாக வேளாண் துறை அப்போது தெரிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, பலர் கைதாயினர், பணத்தைத் திரும்பப் பெறும் வேலையும் தொடங்கியது.

இந்தக் குற்றம் ஒரு மாநிலத்தோடு நிற்கவில்லை. நாடு முழுவதும் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்களுக்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் சென்றிருப்பதாக 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் ஆதார் இணைப்பும் நிலப்பதிவுச் சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவ்வாறு பெயர் சேர்க்கப்பட்டவர்களுள் நிலமற்ற ஏழைகள் பலர் இருந்தார்கள். இது கொரோனா நிவாரணம் என்று தரகர்கள் சொன்னதை நம்பியே அவர்கள் விவரங்களைக் கொடுத்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அவர்களைக் குற்றவாளிகள் என்று எளிதில் சொல்லிவிட முடியுமா? திட்டத்தின் விதி என்ன, யாருக்கு உரியது என்பது அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டிருந்தால் தரகருக்கு அங்கே வேலை இருந்திருக்காது. பெயர்ப் பட்டியலை மட்டும் வெளியிட்டு, விதியைக் கோப்புக்குள் வைத்திருப்பது பாதி வெளிச்சம். பாதி வெளிச்சத்தில் கயிறும் பாம்பாகத் தெரியும். பாம்பும் கயிறாகத் தெரியும்.

முகமா, கையா?

இப்போது முதலாமவரின் கூச்சத்துக்கு வருவோம். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஈகையின் சிறப்பை அறத்துப்பாலில் பாடிய திருவள்ளுவர், பொருட்பாலில் இரவச்சம் என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். கேட்டுப் பெற நேரும்போது மனிதன் உள்ளுக்குள் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்பதை அறிந்த சான்றோரின் நாடு இது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரங்கள் பற்றிய விலக்கை மேலும் விரிவாக்கியிருக்கிறது. அந்தரங்கத்தைக் காக்கும் கவசம், கணக்கை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுமோ என்று தகவல் உரிமைக்காகப் பாடுபட்டவர்கள் கவலை தெரிவித்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எங்கே கோடு போடுவது?

ஊரடங்கு நாட்களில் நாம் கண்ட ஒரு காட்சியை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு, அதை வாங்கும் மூதாட்டியைப் புகைப்படக் கருவியின் பக்கம் திரும்பச் சொன்னார்கள். அந்தப் படம் ஊரெங்கும் சென்றது. ஆனால் அந்த அரிசிக்கான பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை பைகள் வாங்கப்பட்டன, எத்தனை சென்று சேர்ந்தன என்று யாரும் எழுதவில்லை. வாங்கியவரின் முகம் தெரிந்தது. கொடுத்தவரின் கணக்குத் தெரியவில்லை. ஊரறியக் கொடுத்தல் இதற்கு நேர்மாறானது. அதில் தெரிய வேண்டியது கொடுக்கும் கை.

என்ன விதி, எவ்வளவு தொகை, யாருக்கு ஒப்புதல், ஒப்புதல் அளித்த அலுவலர் யார், மறுக்கப்பட்டவர்க்கு மறுத்த காரணம் என்ன என்பவை ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்குத் தேவையான அளவுக்குப் பெயரும் தெரியலாம். வங்கிக் கணக்கு எண்ணோ, ஆதார் எண்ணோ, கைபேசி எண்ணோ, வீட்டிலுள்ள நோயோ, கடனோ ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. கணக்கைச் சரிபார்க்க உதவாத எந்த விவரமும் வெளியிடத் தக்கதன்று.

பெயர் தெரிவது இழிவாகாதா என்றால், அது நாம் அந்தத் தொகையைப் பார்க்கும் பார்வையைப் பொறுத்தது. 'சம்மான்' என்ற சொல்லுக்கு மரியாதை என்று பொருள். உணவை விளைவித்தவருக்கு நாடு செலுத்தும் மரியாதை என்பதே அத்திட்டத்தின் பெயரிலுள்ள கருத்து. உரிமையைப் பெறுகிறவர் ஏன் தலைகுனிய வேண்டும்? வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. இதுவும் தமக்கு உரியதே என்று அந்த முதியவருக்குத் தோன்றும்படி நடந்துகொள்வது அலுவலகத்தின் கடமை. அயலாரின் கடமையும் கூட.

இல்லாத பெயர்

மூன்றாமவரைப் பற்றிப் பட்டியல் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பட்டியல் வெளியில் இருப்பதால்தான் அவர் அதில் இல்லை என்பதே நமக்குத் தெரிகிறது.

கேரளத்தில் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்படி 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவருக்கே நிலம் என்ற அந்தச் சீர்திருத்தம் லட்சக்கணக்கான குடும்பங்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது. ஆயினும் காலம் மாறியது. நிலம் உடையவர்கள் பலர் வெளியூர்களுக்கும் வேறு தொழில்களுக்கும் சென்றார்கள். அவர்கள் நிலத்தை வேறு சிலர் வாய்ப்பேச்சில் பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிட்டார்கள். சட்டம் ஏற்காத உறவு என்பதால் அதற்கு எழுத்து இல்லை. எழுத்து இல்லாததால், நிலப்பதிவை அடிப்படையாகக் கொண்ட உதவியும் இல்லை. வாழை பயிரிட்டவருக்கு வராத பணம், எங்கோ இருக்கும் நிலச் சொந்தக்காரருக்கு வரக் கூடும். விதிப்படி அதில் பிழையும் இல்லை.

பட்டியல் நேர்மையாக இருந்தும் விதி முழுமையாக இல்லாமல் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. வெளிப்படைத்தன்மை என்றால் தவறாகப் பெற்றவரைப் பிடித்துக் கொடுக்கும் வலை என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். தகுதியிருந்தும் பெறாதவரைக் கண்டுகொள்ளும் கண்ணாகவும் அது இருக்க வேண்டும். முன்னதற்குச் சட்டம் போதும். பின்னதற்குக் கருணை வேண்டும். எல்லையின் இரு பக்கமும் வாழ்வுள்ள குடும்பங்களுக்கு இந்தக் கருணை இன்னும் தேவை. நிலப்பதிவு ஒரு மாநிலத்தில், வீட்டு முகவரி மற்றொரு மாநிலத்தில், விண்ணப்பம் ஒரு மொழியில், படிக்கத் தெரிந்தது வேறொரு மொழியில் என்றால், எத்தனை முறை அவர் கிருஷி பவனுக்கும் கிராம அலுவலகத்துக்கும் நடப்பார்? மொழி புரியாத பட்டியல் கண்முன் இருந்தும் மறைவானதே.

கண்ணாடியின் முன்

எஞ்சியிருப்பவர் இரண்டாமவர். அவரைத் தீயவர் என்று நாம் கருத வேண்டாம். 'எல்லாரும் வாங்குகிறார்கள், அரசுப் பணம்தானே, நான் கேட்டேன், அவர்கள் கொடுத்தார்கள், தவறு அவர்களுடையது' என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்கிறார். நம்மில் எத்தனை பேர் வேறு வகையில் இதையே சொல்லிக்கொண்டதில்லை?

நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் செல்ல உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அன்று ஒரு கதவு திறந்தது. கல்லில் தொடங்கிய அவருடைய பிரதிஷ்டைகள், 1927இல் களவன்கோடு என்னுமிடத்தில் ஒரு கண்ணாடியில் வந்து நின்றன. தெய்வத்தைக் காண வந்தவர் அங்கே தம் முகத்தையே கண்டார். உனக்குள் இருப்பதை முதலில் பார் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமோ?

ஊராட்சிச் சுவரில் ஒட்டிய பட்டியலும் அத்தகைய கண்ணாடிதான். அதில் அயலாரின் பெயரைத் தேடுவதற்கு முன் தம் பெயரைத் தேட வேண்டும். அது அங்கே இருப்பது சரியா என்று தம்மையே கேட்க வேண்டும். எந்தத் தணிக்கை அதிகாரியும் வருவதற்கு முன்பே வந்து அமர்ந்திருக்கும் சாட்சி ஒன்று நம் உள்ளத்தில் இருக்கிறது. அதற்கு எந்தக் கடவுச்சொல்லும் தேவையில்லை.

இரண்டாமவருக்கு வழி அடைபடவும் இல்லை. தகுதியின்றிப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த அத்திட்டத்திலேயே வசதி உண்டு. நோட்டீசு வந்தபின் கட்டுவது தண்டம். வருமுன் கட்டுவது பிராயச்சித்தம். தொகை ஒன்றே, ஆயினும் முதலாவதில் பணம் மட்டும் குறைகிறது, இரண்டாவதில் பாரமும் குறைகிறது. அப்படிச் செய்பவர்கள் உலகில் இல்லாமலும் இல்லை. 2015இல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்குமாறு அரசு வேண்டியபோது, ஏறத்தாழ ஓராண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. கொரோனா காலத்தில் கேரளம் வழங்கிய இலவசப் பைகளை, தேவையில்லை என்று கருதியவர்கள் பிறருக்காக விட்டுக்கொடுக்கவும் வழி வைக்கப்பட்டிருந்தது. தமக்கு உரியதையே விட்டுக்கொடுக்க முன்வந்த மனிதர்கள் நடுவில், உரிமையில்லாததைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு கடினமா?

நாம் செய்யத் தக்கவை

பட்டியலைப் படிக்கும் நம் மனநிலையும் தூய்மையாக இருக்க வேண்டும். அழுக்காற்றுடன் படித்தால் அது ஊர்வம்புக்கு உணவாகும். பொறுப்புடன் படித்தால் தர்மத்துக்குக் காவலாகும். கேரளத்தின் ஊராட்சிச் சட்டம் பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் கிராம சபைக்கு இடம் தந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றுக்குச் செல்கிறவர்கள் எத்தனை பேர்? சபைக்குச் சென்று, 'இந்தத் திட்டத்தின் விதியைப் படித்துச் சொல்லுங்கள். விடுபட்டவர் யார் என்று பார்ப்போம்' என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். 1910இல் அதற்கு நாடு கடத்தல் தண்டனை இருந்தது. இன்று அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பிற்பகல் பொழுது.

படித்த இளைஞர் ஒருவர், பாட்டத்துக்குப் பயிரிடும் அயலாருக்காக ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். மலையாளம் படிக்கத் தெரியாத முதியவருக்கு அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொல்லலாம். இவையும் தானங்களே. இவற்றை இடக்கைக்கும் தெரியாமல் செய்யலாம்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். தன் பொருளைக் கொடுப்பவர் மறைவாகக் கொடுக்கட்டும். அது அவருடைய அகந்தையைக் கரைக்கும். ஊர்ப் பொருளைக் கொடுப்பவர் ஊரறியக் கொடுக்கட்டும். அது பெறுபவரைத் தரகரிடமிருந்தும் பிறர் தயவிலிருந்தும் விடுவிக்கும். இந்த இரண்டும் முரண்பட்டவை அல்ல. இரண்டிலும் காக்கப்படுவது பெறுபவரின் மானமே.

அடுத்த முறை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பட்டியலைக் காணும்போது சற்று நின்று படிப்போம். முதலில் நம் பெயரைப் பார்ப்போம். பிறகு, அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். விடுபட்டிருந்தால், அவர் வீட்டுக்கு நடந்து செல்வோம்.